கடத்தப்பட்ட பிள்ளையா, துரத்தப்பட்ட பிள்ளையா? – திருநர் தன்வரலாறுகளும் இளம் வாசகர்களும்

குற்றப் பரம்பரைச் சட்டம் என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூடு. அச்சட்டத்தின் 1871-ஆம் ஆண்டு மூலவடிவுக்கு இரண்டாம் பாகம் ஒன்று இருந்தது. அதைப் பற்றி இங்கு அதிகம் பேசப்பட்டதில்லை. அச்சட்டத்தின் முழுப்பெயரிலேயே குற்றப் பழங்குடிகளோடு, அன்றைய ஆங்கிலேய அரசு ‘யூனக்’ என வகைப்படுத்திய மக்களும் சேர்க்கப்பட்டிருந்தனர். ஹிஜ்ராக்களைக் குறிவைத்தே அந்தப் பாகம் எழுதப்பட்டது. சிறுவரைக் கடத்துவதாகவோ ஆண்மை நீக்குவதாகவோ ஐயத்துக்கு உள்ளானவர்களின் பெயரையும் முகவரியையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பதிவானவர் பெண்ணுடையில் பொதுவெளியில் தோன்றினால், ஆடினால், பாடினால் ஈராண்டு வரை சிறை. பதிவானவரின் வீட்டிலோ பொறுப்பிலோ 16 வயது நிரம்பாத சிறுவன் இருந்தாலும் அதே தண்டனை. எவருக்கும் அவர் காப்பாளராக இருக்கவும் இயலாது.

சட்டத்தின் உள்ளுறை எளிது. திருநரும் சிறுவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் அங்கே குற்றம் நடந்திருக்கிறது என்று அது முன்கூட்டியே முடிவு செய்துகொண்டது. வட இந்திய மாகாணங்களில் இச்சட்டம் நடைமுறைப்படுத்தப்பட்ட விதத்தை ஆவணக் காப்பகங்களிலிருந்து விரித்துரைத்தவர் வரலாற்றாய்வாளர் ஜெசிக்கா ஹிஞ்சி. அச்சமூகம் புதியவர்களைச் சேர்த்துக்கொள்ள வழியின்றிப் படிப்படியாக இல்லாது போகவேண்டும் என்பதே மாகாண அதிகாரிகளின் நோக்கமாக இருந்தது என்பதை 2019-இல் வெளியான அவருடைய நூல் நிறுவுகிறது. குழந்தைகளைப் பிரித்தெடுத்தது அந்த நோக்கத்துக்கான வழிகளுள் ஒன்று. ஐதராபாத் நிசாம் அரசும் 1919-இல் இதே அச்சில் ஒரு சட்டம் இயற்றியது. அது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஏட்டில் நீடித்து, 2023 சூலையில்தான் தெலங்கானா உயர்நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது.

இவை பழங்கதை என்று கடந்துவிட இயலாதபடி, 2011-இல் கர்நாடகக் காவல் சட்டத்தில் 36அ என்னும் புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. சிறுவரைக் கடத்துவதாக, ஆண்மை நீக்குவதாக ஐயுறப்படுவோரைப் பதிவேட்டில் ஏற்றலாம் என்ற 140 ஆண்டுப் பழைய வாசகம் ஏறத்தாழ அப்படியே அதில் மீண்டும் இடம்பெற்றது. கர்நாடகத் திருநர் அமைப்புகள் இதை எதிர்த்து உயர்நீதிமன்றம் சென்றன. 2016-இல் அரசு அப்பிரிவிலிருந்த ‘யூனக்’ என்ற சொல்லை நீக்கித் திருத்தியது.

இப்பிரிவு சேர்க்கப்பட்ட அதே காலத்தில் திருநர் எழுதிய வாழ்க்கை வரலாறுகள் தமிழிலும் கன்னடத்திலும் அச்சேறிக்கொண்டிருந்தன. சட்டம் ‘கடத்தப்பட்ட சிறுவன்’ என்று எழுதிய இடத்தில், அந்தச் சிறுவனாக ஒருகாலத்தில் இருந்தவர்களே எழுந்து நடந்ததைச் சொன்னார்கள். தம்மை எவரும் கடத்தவில்லை, தம் வீடும் பள்ளியும் ஊருமே துரத்தின என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். இந்நூல்களை இளம் வாசகர் கையில் எடுப்பது ஏன் ஒரு வரலாற்று நிகழ்வு என்பதை இந்தப் பின்னணியில் வைத்தே விளங்கிக்கொள்ள முடியும்.

எல்லையில் ஒரு மாவட்டம்

கர்நாடகத்தின் தென்கோடி மாவட்டம் சாமராஜநகர். 1997-இல் மைசூரு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அரிகுட்டாரா என்றிருந்த ஊருக்கு, 1774-இல் அங்குப் பிறந்த சாமராஜ உடையாரின் நினைவாக அவர் மகன் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் இப்பெயரை இட்டார். சத்தியமங்கலத்திலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, ஆசனூரைக் கடந்தால் மாநிலம் மாறும் முன்பே மொழி மாறிவிடும். எல்லைக்கு இந்தப் பக்கம், ஈரோடு மாவட்டத் தாளவாடியில், கன்னடம் வீட்டுமொழி. நடிகர் ராஜ்குமார் பிறந்த காஜனூர் அந்தத் தாளவாடிப் பகுதியில்தான் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள கொள்ளேகால் 1956 நவம்பர் 1 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு வட்டம். மாதேசுவரன் மலைக்கு இரு மாநிலத்தாரும் நடந்தே போகிறார்கள். மாதேசுவரனின் கதைப்பாட்டைக் கம்சாளை ஒலியோடு கேட்டவர்கள் இரு மொழியிலும் உண்டு.

இத்தகைய எல்லைப்புறத்தில் வளரும் ஒரு பிள்ளைக்கு இரு மொழிகளும் காதில் விழுகின்றன. திருநர் எழுத்தின் வரலாற்றுக்கும் இந்த இருமொழித் தன்மை உண்டு. இன்று கர்நாடகத்தில் திருநர் தன்வரலாறு என்று பேசப்படும் நூல்களுள் முதன்மையான இரண்டு தமிழில் எழுதப்பட்டு எல்லை தாண்டிச் சென்றவை. அவற்றைத் தொடர்ந்து கன்னட நிலத்தின் குரல்களும் நூல்வடிவு பெற்றன.

தமிழில் தொடங்கிய எழுத்து

தமிழ் இலக்கண, இலக்கிய மரபு பால் பிறழ்ந்தோரை அறியாததன்று. தொல்காப்பியமும் நன்னூலும் பேடு, அலி ஆகிய சொற்களின் திணை பால் முடிபை ஆராய்கின்றன. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் ஒன்று பேடு. ஆயினும் இவை யாவும் பிறர் அவர்களைப் பற்றிச் சொன்னவை. பேடு தன்னைப் பற்றித் தானே சொன்ன ஏடு ஒன்றும் நம் கைக்கு வந்து சேரவில்லை.

அந்த இடைவெளி 21-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நிரம்பத் தொடங்கியது. நாமக்கல் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த அ. ரேவதி, தில்லி, மும்பை எனப் பல ஊர்களில் வாழ்ந்து பெங்களூரு சேர்ந்தவர். அங்கு ஹமாம் என்னும் குளியலறை விடுதியில் பாலியல் தொழிலில் இருந்து, 1999-இல் சங்கமா என்னும் உரிமை அமைப்பில் பணிக்குச் சேர்ந்தார். தம்மைப் போன்றவர்களின் வாய்மொழிகளைத் திரட்டி அவர் 2004-இல் வெளியிட்ட நூல் ‘உணர்வும் உருவமும்’. உடல், அடையாளம் என்று இன்று கருத்தரங்குகளில் நீளும் விவாதத்தின் இரு முனைகளையும் அத்தலைப்பு இரண்டு தமிழ்ச் சொற்களில் சொல்லிவிட்டது.

2007-இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ வெளிவந்தது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் முதுகலை முடித்தவர் அவர். அதே காலத்தில் பிரியா பாபு அரவாணிகளின் சமூக வரைவியலை எழுதினார். 2008-இல் ‘மூன்றாம் பாலின் முகம்’ என்னும் நாவலையும் தந்தார். ரேவதி தமிழில் எழுதிய முழுத் தன்வரலாறு, வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010-இல் ஆங்கிலத்தில் முதலில் வெளிவந்து, பிறகு ‘வெள்ளை மொழி’ என்ற பெயரில் தமிழில் அச்சேறியது. கள்ளமற்ற பேச்சு என்பது அத்தலைப்பின் பொருள்.

இவ்வாண்டுகளில் சொற்களும் மாறின. 1990-களில் கூத்தாண்டவர் வழிபாட்டை ஒட்டிப் பரவிய ‘அரவாணி’ என்ற சொல் மெல்லப் பின்வாங்கி, ‘திருநங்கை’ நிலைபெற்றது. 2008 ஏப்ரல் 15 அன்று தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. பின்னர் ‘திருநம்பி’, ‘திருநர்’, ‘ஊடுபால்’ ஆகிய சொற்கள் சேர்ந்தன. ஒரு சிறுவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளத் தம் மொழியிலேயே வசவு அல்லாத ஒரு சொல் வேண்டும். முந்தைய தலைமுறைக்கு அது கிடைக்கவில்லை. ரேவதியும் வித்யாவும் தம் சிறுவயதை எழுதும்போது, தமக்கு நேர்வது இன்னதென்று பெயர் சொல்ல இயலாத தவிப்பே பக்கம் பக்கமாக நீள்கிறது.

நூல்களின் முதற்பகுதியில் ஒரு பிள்ளை

இத்தன்வரலாறுகளைச் சேர்த்து வைத்துப் படிப்பவர் ஒன்றைக் கவனிக்கலாம். இவற்றில் ஹிஜ்ரா சமூகத்தின் சடங்குகளோ அறுவை சிகிச்சையோ தொடக்கத்தில் வருவதில்லை. தொடக்கத்தில் வருவது ஒரு பிள்ளை. அக்காளின் பாவாடையை எடுத்து உடுத்திக்கொள்கிறது. பெண்பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுகிறது. நடையையும் கையசைவையும் திருத்திக்கொள்ளுமாறு எல்லோராலும் ஓயாது அறிவுறுத்தப்படுகிறது. ரேவதியின் நூலில் பள்ளி என்பது கேலியும் அடியும் கிடைக்கும் இடம். வீட்டை விட்டுப் போய்த் திரும்பிய பின், அண்ணன் கிரிக்கெட் மட்டையால் அடித்ததை அவர் மறைக்காமல் எழுதுகிறார்.

வித்யாவின் பிள்ளைப்பருவத்தில் துன்பம் வேறு உருவில் வருகிறது. ஆண்பிள்ளைக்காகக் காத்திருந்த குடும்பத்தில், தந்தையின் கலெக்டர் கனவைச் சுமந்து பிறந்தவர் அவர். வகுப்பில் முதலிடம் தவறினால் அடி. படிப்புக்காகக் கிடைத்த அன்பும் படிப்புக்காக விழுந்த அடியும் ஒரே கையிலிருந்து வந்தன. அந்தத் தந்தையிடம் ‘நான் மகன் அல்லேன்’ என்று எப்படிச் சொல்வது? தலித் சமூகத்தில் பிறந்த வித்யா, சாதியையும் பாலினத்தையும் பிரித்துப் பார்க்க மறுப்பவர். ஒடுக்கப்பட்ட குடும்பம் தன் விடுதலையை ஒரே மகனின் படிப்பில் பணயம் வைத்திருக்கும்போது, அம்மகன் மகளாவது தனிமனித நிகழ்வாக மட்டும் இருப்பதில்லை.

எழுத்தில் இப்பிள்ளைகள் ஒருநாளும் கடத்தப்படுவதில்லை. வெளியேறும் முடிவைத் தாமே எடுக்கிறார்கள். எடுக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள். வெளியே குருவும் தோழியரும் கொண்ட ஒரு குடும்பம் கிடைக்கிறது. அக்குடும்பமும் குறையற்றதன்று, அங்கும் படிநிலையும் தண்டமும் கடனும் உண்டு என்பதை இவர்கள் மறைப்பதில்லை. ஆனால் 1871-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் நடந்த இடமாகக் காட்டிய அந்த வீடே, துரத்தப்பட்ட பிள்ளைக்கு அன்றிரவு சோறு போட்ட ஒரே வீடாக இருந்தது.

இந்த வேறுபாட்டைச் சட்டம் இன்னும் முழுமையாக உள்வாங்கவில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, திருநர் என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தையையும் நீதிமன்ற ஆணையின்றிப் பெற்றோரிடமிருந்து பிரிக்கலாகாது என்கிறது. குடும்பம் பேண இயலாதபோது குழந்தையை மறுவாழ்வு மையத்தில் சேர்க்க நீதிமன்றம் ஆணையிடலாம். பிறந்த வீடு அல்லது அரசு மையம். சட்டத்தின் கண்ணில் மூன்றாவது வீடு இல்லை. வன்முறை நிகழும் இடம் பிறந்த வீடாகவே இருக்கும்போது இந்தப் பாதுகாப்பு எவருக்கு என்று திருநர் இயக்கத்தினர் கேட்டனர். அவர்கள் கேள்விக்கான சான்றுகள் மேற்சொன்ன தன்வரலாறுகளில் நிறையவே உள்ளன.

எல்லை தாண்டிய நூல்கள்

‘நான், வித்யா’வைத் தமிழ்ச்செல்வி கன்னடத்தில் ‘நானு அவனல்ல... அவளு’ என்று மொழிபெயர்த்தார். ‘நான் அவனல்லன், அவள்’ என்பது பொருள். அந்நூலைத் தழுவி பி.எஸ். லிங்கதேவரு அதே பெயரில் எடுத்த படம் 2015-இல் திரைக்கு வந்தது. அதில் நடித்த சஞ்சாரி விஜய் சிறந்த நடிகருக்கான தேசிய விருது பெற்றார். திருநங்கை வேடத்தைத் திருநங்கை ஒருவரே ஏற்றிருக்கக் கூடாதா என்ற கேள்வி நியாயமானது, இன்றும் நிற்கிறது. ஆயினும், திருநங்கை என்றாலே நகைச்சுவைக் காட்சிதான் என்று பழகியிருந்த சிற்றூர்த் திரையரங்குகளுக்கு ஒரு தமிழ்த் திருநங்கையின் தன்வரலாறு கன்னடம் பேசிக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

ரேவதியின் நூலை எழுத்தாளரும் நாடகக் கலைஞருமான து. சரஸ்வதி ‘பதுகு பயலு’ என்ற பெயரில் கன்னடத்துக்குக் கொண்டுசென்றார். பதுகு என்றால் வாழ்க்கை. பயலு என்றால் வெட்டவெளி. வசனகாரர்களின் வழக்கில் அது எல்லையற்ற வெறுமைக்கும் பெயர். எந்தச் சுவரும் காக்காத வாழ்க்கை என்றும், எந்தச் சுவருக்கும் அடங்காத வாழ்க்கை என்றும் அத்தலைப்பைப் படிக்கலாம். ஹெக்கோட்டின் ஜனமனதாட்டக் குழு அதை நாடகமாக்கிக் கர்நாடகத்தின் பல ஊர்களுக்குக் கொண்டுசென்றது. தமிழில் ரேவதி தாமே மேடையேறி, அ. மங்கையின் நெறியாள்கையில் ‘வெள்ளை மொழி’யை ஓராள் நாடகமாக நிகழ்த்தினார். எழுதிய உடலே மேடையில் நின்று பேசும்போது, பார்வையாளர் நூலுக்கு வெளியே நின்று இரங்குவது இயலாது.

கன்னட நிலத்தின் சொந்தக் குரல்களும் உடன் எழுந்தன. பெங்களூருவின் அக்கை பத்மசாலி 2014-இல் ‘ஒந்தெடெ’ அமைப்பைத் தொடங்கினார். குழந்தைகள், பெண்கள், பாலினச் சிறுபான்மையினர் ஆகிய மூவரையும் அது ஒருங்கே கருத்தில் கொள்கிறது. 2015-இல் அவர் கர்நாடக ராஜ்யோத்சவ விருது பெற்றார். 2022-இல் அவருடைய நினைவுக்குறிப்புகள் ஆங்கிலத்தில் நூலாயின. பள்ளாரி மாவட்டத்து மஞ்சம்மா ஜோகதியின் வாழ்க்கை அருண் ஜோளதகூட்லிகியின் எழுத்தில் ‘நடுவெ சுளிவ ஹெண்ணு’ என்று நூலாயிற்று. உடலுக்குள் உலவும் உயிர் ஆணுமன்று பெண்ணுமன்று என்ற கருத்துடைய ஜேடர தாசிமய்யாவின் வசனத்தைக் கன்னட வாசகருக்கு அத்தலைப்பு உடனே நினைவூட்டும். 15 வயதை ஒட்டிய பருவத்தில் ஹுலிகெம்மன் கோயிலில் ஜோகதியாகத் தீட்சை பெற்று, வீட்டைவிட்டு வெளியேறி, பிச்சையெடுத்து வாழ்ந்து, ஜோகதி ஆட்டம் பயின்றவர் மஞ்சம்மா. 2019-இல் கர்நாடக ஜானபத அகாதெமியின் தலைவரானார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். இளையோருக்கு அவர் வாழ்க்கை இன்னொன்றையும் சொல்கிறது: உடலும் அடையாளமும் பற்றிய பேச்சு மேலைநாட்டு இறக்குமதி என்ற வாதத்தைத் துளுநாடு முதல் கொங்கு வரை பரவிக் கிடக்கும் நாட்டார் வழிபாடுகளே ஏற்பதில்லை.

உடலைப் பற்றி இந்நூல்கள் பேசும் விதம்

இளம் வாசகரிடம் உடலைப் பற்றிப் பேசுவதென்றால் பெற்றோருக்கு அச்சம் எழுகிறது. ‘படித்தால் பிள்ளை மனம் மாறிவிடாதா?’ என்பதே அவ்வச்சத்தின் பொதுவான வடிவம். இதை ஏளனம் செய்வதால் பயனில்லை. நூல்களைத் திறந்து காட்டுவதே தக்க விடை.

முதலாவதாக, இந்நூல்களில் திருநர் வாழ்க்கை கவர்ச்சியாக வரையப்படவில்லை. அறுவை சிகிச்சையைப் பற்றி வித்யா எழுதும் பகுதியைப் படிக்கும் எவரும் அதைச் சிறுவரை ஈர்க்கும் எழுத்து என்று சொல்லமாட்டார். போதிய மருத்துவக் கவனிப்பு இல்லாத சூழலில், கடப்பாவில், வலியை முழுதாக உணர்ந்தபடி தாம் பெற்ற மாற்றத்தை அவர் எழுதுகிறார். வலியையும், அவ்வலிக்குப் பின் தாம் உணர்ந்த நிம்மதியையும் ஒன்றையொன்று மறைக்காமல் எழுதியதுதான் அதன் நேர்மை.

இரண்டாவதாக, அடையாளம் அறுவை சிகிச்சையில் முடிந்துவிடுவதாக எவரும் சொல்லவில்லை. சிகிச்சைக்குப் பின்னும் பெயர்மாற்றம், குடும்ப அட்டை, வேலை, வாடகை வீடு என்று அலைச்சல் தொடர்கிறது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்சநீதிமன்றம் நால்சா வழக்கில் வழங்கிய தீர்ப்பு, ஒருவர் தம் பாலினத்தைத் தாமே அறிவிக்க அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்குவது சட்டத்துக்குப் புறம்பானது என்றது. தன்வரலாறுகள் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அந்த உண்மையை வாழ்வாகச் சொல்லியிருந்தன.

மூன்றாவதாக, வளர்பருவத்து உடல் எந்தச் சிறுவருக்கும் புதிர். குரல் உடைவது, மீசை அரும்புவது, மார்பு வளர்வது ஆகிய யாவும் பெரியோர் எவரும் வாய்திறந்து விளக்காத நிகழ்வுகள். திருநர் எழுத்தாளர்கள் அந்தப் பருவத்தின் கூச்சத்தையும் திகிலையும் எழுதும்போது, திருநர் அல்லாத பிள்ளையும் தன்னை அதில் ஓரளவு காண்கிறது. வகுப்பில் ஒருவரைப் பார்த்துச் சிரிக்கும் முப்பது பிள்ளைகளுக்கும் இந்நூல்கள் தேவை. அந்த ஒருவரைவிட அவர்களுக்கே கூடுதலாகத் தேவை என்றும் சொல்லலாம்.

இவ்வெழுத்துகளுக்கு எல்லை உண்டு என்பதையும் குறிப்பிட வேண்டும். அச்சேறியவற்றுள் பெரும்பாலானவை திருநங்கையர் எழுதியவை. பெண்ணாகக் கருதி வளர்க்கப்பட்ட திருநம்பிப் பிள்ளைக்கு வெளியேறும் வழியே இருப்பதில்லை, வீடு அவரைத் துரத்துவதில்லை, பூட்டி வைக்கிறது, திருமணத்துக்கு அவசரப்படுத்துகிறது. துரத்தப்பட்டவரின் கதை நூலாகியிருக்கிறது. பூட்டப்பட்டவரின் கதை இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை. மேலும், இத்தன்வரலாறுகளில் பாலியல் வன்முறையும் காவல் நிலையக் கொடுமையும் இடம்பெறுகின்றன. ஆகவே இவற்றை முழுமையாகக் கல்லூரி மாணவருக்கும், தேர்ந்தெடுத்த பிள்ளைப்பருவப் பகுதிகளைப் பள்ளி மாணவருக்கும் அறிமுகம் செய்வதே பொருத்தம். சிறுவருக்கென்றே திருநர் எழுதும் தமிழ்க் கதைகள் பெருக வேண்டிய தேவையும் இதனால் உண்டாகிறது.

பள்ளி வாசலில் நின்றுபோனது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்முறையாக ‘பிறர்’ என்ற பாலினப் பிரிவு இடம்பெற்றது. நாடு முழுவதும் 4,87,803 பேர் அதில் பதிவாயினர். கர்நாடகத்தில் 20,266, தமிழ்நாட்டில் 22,364. அவர்களுள் ஆறு வயது வரையிலான குழந்தைகள் 54,854 பேர். எழுத்தறிவு நாட்டு மக்களில் 74 விழுக்காடு. இப்பிரிவினரில் 56 விழுக்காடு. ஏறத்தாழ 18 விழுக்காட்டு இடைவெளி என்பது பள்ளியின் பாதியில் எழுந்து போன பிள்ளைகளின் கணக்கு. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து எழுதிய நூல்கள் இன்று பல பல்கலைக்கழகங்களின் இலக்கியப் பாடத்திட்டத்தில் உள்ளன. 2019-இல் கொலம்பியப் பல்கலைக்கழக நூலகத்தின் முகப்பில் மாணவர்கள் தொங்கவிட்ட பெண் எழுத்தாளர் பெயர்ப் பட்டியலில் டோனி மாரிசனோடு அ. ரேவதியின் பெயரும் இருந்தது.

பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டதைப் பள்ளி இன்னும் தயங்கியே அணுகுகிறது. திருநர் குழந்தைகளைப் பள்ளிக் கல்வியில் இணைத்துக்கொள்வது பற்றிய ஆசிரியர் பயிற்சிக் கையேடு ஒன்றை 2021-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம் வெளியிட்டது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் எதிர்ப்புத் தெரிவித்ததையடுத்து, நவம்பர் மாதத் தொடக்கத்தில் அது இணையதளத்திலிருந்து அகற்றப்பட்டது. அதே ஆண்டு சூன் 7 அன்று சுஷ்மா வழக்கில் பள்ளி, கல்லூரிகளில் விழிப்புணர்வு ஏற்படுத்துமாறு இடைக்கால ஆணை பிறப்பித்திருந்த சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த அகற்றலைக் கேள்விக்கு உட்படுத்தினார். குழந்தைகளின் நலன் கருதியே கையேடு எழுதப்பட்டது. குழந்தைகளின் நலன் கருதுவதாகச் சொல்லியே அது நீக்கவும்பட்டது. 1871-இன் அச்சம் புதிய சொற்களில் திரும்பி வந்ததை இங்கே காணலாம்.

நம்பிக்கை தரும் நிகழ்வுகளும் உண்டு. நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜின் வாழ்க்கை தமிழ்நாட்டு மேனிலைப் பள்ளித் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றது. ஊடுபால் சமூகத்தைச் சேர்ந்த கோபி ஷங்கர் எழுதிய ‘மறைக்கப்பட்ட பக்கங்கள்’ பாலினப் பன்மையைத் தமிழில் விளக்க முயன்ற நூல். 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், ஊடுபால் குழந்தைகளுக்கு உயிராபத்து இல்லாத நிலையில் பாலினத்தைத் ‘திருத்தும்’ அறுவை சிகிச்சை செய்வதைத் தடைசெய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தார். கோபி ஷங்கரின் பணியையும் அத்தீர்ப்பு கருத்தில் கொண்டது. அவ்வாண்டு ஆகத்தில் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. இன்னும் பேசத் தெரியாத ஒரு குழந்தையின் உடலை, அத்தகைய உடலோடு வளர்ந்த ஒருவரின் எழுத்தும் சேர்ந்து காப்பாற்றியது.

கையேடும் கதையும்

கையேட்டை இணையதளத்திலிருந்து ஒரே நாளில் எடுத்துவிடலாம். அச்சாகி, மொழிபெயர்க்கப்பட்டு, மேடையேறி, படமாகி ஊர் ஊராகப் போய்விட்ட தன்வரலாற்றை அவ்வாறு திரும்பப் பெற இயலாது. கொள்கை ஆவணத்துக்கு எதிராக வாதிடலாம். ‘எனக்கு இது நேர்ந்தது’ என்று சொல்பவரிடம், நேரவில்லை என்று எளிதில் வாதிட முடியாது. திருநர் இயக்கம் நீதிமன்றங்களில் பெற்ற வெற்றிகளுக்கு அடியில் இத்தகைய எழுத்தின் நீண்ட உழைப்பு இருக்கிறது.

சாமராஜநகரிலோ தாளவாடியிலோ கொள்ளேகாலிலோ இன்று பன்னிரண்டு வயதில் இருக்கும் ஒரு பிள்ளை, தன் உடலுக்கும் உணர்வுக்கும் இடையே ஒரு பொருத்தமின்மையை உணரக்கூடும். ரேவதிக்கும் வித்யாவுக்கும் மஞ்சம்மாவுக்கும் அந்த வயதில் ஒரு வரி எழுத்தும் துணைக்கு இல்லை. இந்தப் பிள்ளைக்குத் தமிழில் ஒரு நூல் இருக்கிறது, கன்னடத்திலும் இருக்கிறது. அந்நூல் பள்ளி நூலகத்தில் இருக்கிறதா, இருந்தால் பூட்டிய அலமாரிக்குள் இருக்கிறதா என்பதை ஆசிரியரும் பெற்றோரும் பார்க்க வேண்டும். 16 வயது நிரம்பாதவரைத் திருநரின் வீட்டிலிருந்து விலக்கியது அன்றைய சட்டம். திருநரின் நூலிலிருந்து விலக்குவதும் விலக்காதிருப்பதும் இன்று நம் கையில் உள்ளது. அப்பிள்ளை வீட்டிலேயே இருந்து படித்து முடிப்பதா, ஏதோ ஓர் இரவில் பேருந்தேறிப் போவதா என்பது பெருமளவு அதைப் பொறுத்தே அமையும்.